அரைப்பேர் போதும்

பாஷை தெரியாத நாடுகளில் அகிலாண்டத்துக்கு ஒரு வம்பும் வந்ததில்லை. நேபாளத்தில் கையைக் காட்டினாள், வியட்நாமில் தலையை ஆட்டினாள், லாவோஸில் ஒரு பொம்பளையோடு ஒரு மணி நேரம் சிரிப்பிலேயே பேசி மூங்கில் முறம் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தாள். தமிழ் பேசுகிற இடத்துக்கு வந்துதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். இதில் கூட்டிச் சொன்னது எதுவும் இல்லை. அவளே ஊருக்குப் போய்த் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தது இது.

ஆள் திருச்சிக்காரி. தபால் நிலையத்தில் முப்பத்து நாலு வருஷம் பார்சல் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். வயது அறுபத்துநாலு. உட்கார்ந்தே மரத்துப்போன கால்களுக்கு இனி வஞ்சனை செய்வதில்லை என்று முடிவெடுத்து, வருஷத்துக்கு ஒரு நாடு, அதையும் நடந்தே பார்ப்பது என்று கிளம்பிவிட்டாள். மகனும் மருமகளும் முதல் வருஷம் பதறினார்கள். இரண்டாம் வருஷம் ஷூ வாங்கித் தந்தார்கள்.

போகிற நாட்டிலிருந்து ஒரே ஒரு பொருள் வாங்குவாள். அது கையால் செய்ததாக இருக்க வேண்டும், செய்த கையிடமிருந்தே வாங்க வேண்டும், செய்தவர் பேர் அதில் இருக்க வேண்டும். மூன்றாவதில்தான் கெடுபிடி அதிகம். அனுப்புநர் பேர் எழுதாத பார்சலை அவள் ஒரு நாளும் கவுண்டரில் வாங்கியதில்லை. கலெக்டர் ஆபீஸிலிருந்து வந்தவனையே திருப்பி அனுப்பியிருக்கிறாள். அந்தப் புத்தி ஓய்வூதியத்தோடு போய்விடுமா என்ன? வீட்டுக் கூடத்தில் முறம், கம்பளித் தொப்பி, மர அகப்பை என்று எல்லாம் ஆளுக்கொரு பேரோடு தொங்குகின்றன.

இலங்கையில் எட்டு நாள் நடந்தும் ஒன்றும் தேறவில்லை. பதுளையில் தேடினாள், எல்ல என்ற ஊரில் தேடினாள். முகமூடி, யானை, யானை மேல் முகமூடி. பண்டாரவளையில் ஸலீம் என்பவருடைய கடையில் மர யானைகள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல் வரிசையாக நின்றன. ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள்.

"இது கையால செஞ்சதாங்க?"

"கையாலதான் மேடம் எடுத்துக் குடுப்பேன்," என்றார் ஸலீம், முகம் மாறாமல்.

"செஞ்சவரு பேர் என்ன?"

"செஞ்சது மெஷின். பேர் கேட்டு வைக்கல."

பொய் சொல்லத் தெரியாத மனுஷர் என்று அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அவர் ஊற்றித் தந்த பிளேன்டீயைக் குடித்துவிட்டு, யானை வாங்காமலே நடையைக் கட்டினாள்.

இப்படியே நாள் ஓடிக் கடைசி நாளும் வந்துவிட்டது. மறுநாள் இரவு விமானம். கடைசி நாளன்றே மத்தியானம் இரண்டேகாலுக்கு அப்புத்தளையில் கொழும்பு ரயில். ஜன்னலோர இருக்கை, ஒரு மாதத்துக்கு முன்பே பதிவு செய்தது. மலையை ஒட்டி வளைந்து வளைந்து அந்த ரயில் போவதைப் படத்தில் பார்த்துப் பார்த்து ஏங்கி வைத்திருந்தாள். எல்லாம் சரி, பையில் ஒரு பொருள் விழவில்லையே. வெறுங்கையோடு எந்த நாட்டிலிருந்தும் அவள் திரும்பியதில்லை. இந்த நாட்டில் அது நடந்துவிடுமோ என்று எழுந்ததிலிருந்து மனசு அடித்துக்கொண்டது. பெரிய பையை ஸ்டேஷன் பக்கத்து விடுதியில் போட்டுவிட்டு, விடிந்ததும் கொஸ்லந்தைப் பக்கம் இறங்கும் ரோட்டைப் பிடித்தாள்.

தோட்டப் பாதை பிரிகிற சந்தியில் றவூப் என்பவர் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தார். அவரிடம் விசாரித்தாள்.

"கையால செய்யிற சாமானா? கடையில கெடைக்காது. கீழ லயத்துல போய்ப் பாருங்க. இன்னைக்குப் பௌர்ணமி, போயா லீவு, எல்லாரும் வீட்டுலதான் இருப்பாங்க. ஆனா பாத்துப் போங்க, இறங்குறது சுகம், ஏறயிலதான் தெரியும்."

லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் கட்டிய தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வீடுகள் என்று இரண்டு நாளைக்கு முன்புதான் தெரிந்துகொண்டிருந்தாள். இஸ்தோப்பு என்றால் அந்த வீட்டுக்கு முன்னால் இருக்கும் ஒடுக்கமான தாழ்வாரம். புதுச் சொல் காதில் விழுந்தால் போதும், உடனே நோட்டில் எழுதிக்கொள்வாள். அடுத்த சந்தியில் அதை எடுத்து வீசியும் பார்ப்பாள். நம்ம பாஷைதானே, இங்கே நமக்கு என்ன தெரியாமல் போகப்போகிறது என்று ஒரு தெனாவெட்டு. அந்தத் தெனாவெட்டோடுதான் இறங்கினாள்.

முக்கால் மணி நேர இறக்கம். லயத்தின் முன்னால் கம்பி கட்டித் துணி காயப் போட்டிருந்தார்கள். பள்ளிக்கூடச் சட்டை, சாரம், சேலை. கோடியில் நாலைந்து படங்குகள். கொழுந்து எடுக்கும்போது செடி கீறாமலும் பனி நனைக்காமலும் பெண்கள் இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொள்கிற தடித்த துண்டைத்தான் அங்கே படங்கு என்கிறார்கள். முக்கால்வாசி உர மூட்டையை வெட்டிக் கயிறு கோத்தவை. ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது. அடியில் சாக்கு, அதன் மேல் கிழிந்த குடைகளின் கறுப்புத் துணி, ஓரம் முழுக்கச் சிவப்புச் சேலைக் கரை. மேலிருந்து கீழாகச் சாய்வாக, விரல் அகலத்துக்கு ஒரு தையல் ஓடியிருந்தது. தண்ணீர் நிற்காமல் வழிந்தோட அப்படித் தைத்திருக்க வேண்டும். அகிலாண்டம் அதன் முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். எட்டு நாளாகத் தேடியது இதுதான் என்று அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

"யாருங்க இது தச்சது?"

"நாந்தாங்க. ஏன், என்னா?" இஸ்தோப்பில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஒருத்தி நிமிர்ந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். பேர் ஜெயலெட்சுமி. இருபத்தாறு வருஷமாக அந்தத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு சாய்ந்திருந்தவள் அவள் மகள் சுபாஜினி. பண்டாரவளையில் ஒரு துணிக்கடையில் வேலை, லீவுக்கு வந்திருந்தாள்.

"எனக்கு இது மாதிரி ஒண்ணு வேணுங்க."

"படங்கா? அம்மா எந்த மலையில கொழுந்து எடுக்கப் போறீங்க?"

அக்கம்பக்கத்து இஸ்தோப்புகளில் சிரிப்புக் கிளம்பியது. அகிலாண்டமும் சிரித்தாள். "எடுக்கிறதுக்கு இல்லைங்க. கூடத்துல, செவுத்துல மாட்டப் போறேன்."

"படங்கைச் செவுத்துலயா?"

"அம்மா, அவங்க இந்தியாவுல இருந்து வந்திருக்காங்க. ஞாபகத்துக்குக் கொண்டு போவாங்கல்ல, அப்படிக் கேக்குறாங்க," என்றாள் சுபாஜினி.

ஜெயலெட்சுமி முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு உள்ளே போய்ப் புதுப் படங்கு ஒன்றைக் கொண்டுவந்தாள். வருகிற மழைக்குத் தனக்கென்று தைத்து முடித்தது. கரைச் சிவப்பு இன்னும் பளிச்சென்று இருந்தது. "இத எடுத்துக்கங்க. எனக்கு இன்னொண்ணு தச்சுக்கிறேன்." விலை கேட்டதற்கு, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கையை ஆட்டிவிட்டாள்.

"ஒரே ஒரு வேலை பாக்கி," என்றாள் அகிலாண்டம். "இதுல உங்க பேரைப் போட்டுக் குடுக்கணும்."

"பேரா? பேர் போடுறது கணக்கப்புள்ள வேலையாச்சேங்க."

மறுபடியும் லயமே சிரித்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அகிலாண்டத்துக்குப் புரியவில்லை. புரியாவிட்டால் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, கூடச் சேர்ந்து சிரித்து வைத்தாள்.

கோணி ஊசி வந்தது, சிவப்பு நூல் இரட்டையாகக் கோத்து வந்தது. குடைத் துணியும் சாக்குமாக இரண்டு தடிமன். ஒவ்வொரு குத்துக்கும் ஊசியைக் கட்டைவிரலால் அழுத்தித் தள்ள வேண்டியிருந்தது. ஜெயலெட்சுமி பென்சிலால் எழுதிக்கொள்ளாமல் நேராகவே தைத்தாள். 'ஜெ' முடிய அரை மணி ஆயிற்று. அவ்வளவு அழகான 'ஜெ'யை அகிலாண்டம் கண்டதில்லை, ஒரு கோலம் மாதிரி சுழித்து நின்றது. 'ய' சீக்கிரம் முடிந்தது. அடுத்ததற்குக் கொம்பு போட ஆரம்பித்ததும் தபால் நிலையத்துப் புத்தி சும்மா இருக்குமா?

"லட்சுமிக்குக் கொம்பு வராதே?"

"எம் பேருக்கு வருங்க. சர்டிபிகேட்டுலயே கொம்போடதான் இருக்கு."

"எங்கம்மாவுக்குக் கொம்பு இருக்குன்னு இந்தத் தோட்டத்துக்கே தெரியும்," என்றாள் சுபாஜினி. ஜெயலெட்சுமி ஊசியை நிறுத்தாமலே மகளின் தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

தேத்தண்ணி வந்தது. வெயிலும் வந்தது. அகிலாண்டத்துக்கு மனசு நிறைந்திருந்தது. இந்தக் கைதான், இந்தப் பேர்தான், இனி இதைக் கூடத்தில் எங்கே மாட்டலாம் என்று இடம்கூடப் பார்த்துவிட்டாள். 'லெ' முடிந்தபோது கைக்கடிகாரம் பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. ஆறு எழுத்தில் மூன்று ஆகியிருந்தது. ஏற்றம் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும், அதன் பிறகு அப்புத்தளைக்குப் பஸ் பிடிக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். வாய்த்துடுக்கானவள். "என்னா செயா, இங்கயும் அரைப்பேருதானா?" என்றாள்.

ஜெயலெட்சுமியின் ஊசி நின்றது. அது அகிலாண்டத்தின் கண்ணில் படவில்லை. அவள் காதில் விழுந்தது ஒரு புதுச் சொல் மட்டும். அரைப்பேர். அட, நல்லாயிருக்கே. கையில் கிடைத்த சொல்லை அங்கேயே வீசினாள்.

"பரவாயில்லைங்க, ரயிலுக்கு நேரமாச்சு. அரைப்பேர் போதும். உங்களுக்கு அரைப்பேரே அழகாத்தான் இருக்கு."

அடுத்த வீட்டுக்காரி தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். ஜெயலெட்சுமி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள், படங்கை நாலாக மடித்தாள், எழுந்தாள்.

"இது குடுக்கிறதுக்கு இல்லங்க. ஒங்களுக்கு நேரமாச்சு, போய்ட்டு வாங்க."

அகிலாண்டத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. விலை பேசாததுதான் காரணமோ என்று எண்ணி அவசரமாகப் பர்ஸைத் திறந்து நோட்டுகளை நீட்டினாள். செய்ததிலேயே பெரிய மடத்தனம் அதுதான். ஜெயலெட்சுமி அந்த நோட்டுகளையும் பார்த்தாள், அவள் முகத்தையும் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். சுபாஜினி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டே, "கோவிச்சுக்காதீங்க ஆன்ட்டி," என்றாள்.

ஏற்றம் முழுக்க அகிலாண்டத்துக்குக் கோபம். நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன்? அழகாக இருக்கு என்றுதானே சொன்னேன்? தருகிறேன் என்று சொல்லிவிட்டு இப்படி முகத்தில் அடித்த மாதிரி திரும்ப எடுத்து வைத்துக்கொண்டால் என்ன அர்த்தம்? கால்வாசித் தூரம் இப்படித் திட்டிக்கொண்டே ஏறினாள். பாதித் தூரத்தில் மூச்சு வாங்கியது. முக்கால் தூரத்தில் கோபமும் இறங்கிவிட்டது. அந்தப் பெண்ணின் முகத்தில் கோபம் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கூசிப்போன முகம் அது. பார்சல் கவுண்டரில் அப்படிப்பட்ட முகங்களை அவள் பார்த்திருக்கிறாள்.

றவூப் கடையில் உட்கார்ந்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே கண்ணாடி கிளாஸைத் துடைத்தார். 'அரைப்பேர்' என்ற சொல் வந்ததும் துடைப்பதை நிறுத்தினார்.

"அரைப்பேர்னா என்னான்னு தெரிஞ்சா சொன்னீங்க?"

"பாதிப் பேர். ஆறு எழுத்துல மூணு. வேற என்ன?"

"போச்சு," என்று றவூப் எதிரே வந்து உட்கார்ந்தார். "இங்க பேர்னா வேற அக்கா. காலையில பெரட்டுன்னு ஒண்ணு இருக்கு, எல்லாரும் வந்து நின்னு வேல பிரிச்சு வாங்குறது. அன்னைக்கு முழு வேல செஞ்சா கணக்கப்புள்ள செக்ரோல் புத்தகத்துல ஒரு பேர் போடுவாரு. ஒரு நாள் வேல, ஒரு பேர். கொழுந்து நெறையில கொறஞ்சா அரைப்பேர். பாதி நாள்தான் வேல செஞ்சன்னு அர்த்தம். விடியக் காலையில இருந்து அந்தி வரைக்கும் மலையில நின்னவளுக்கு அது எப்படி இருக்கும், சொல்லுங்க."

றவூப் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"போன கிழம ஜெயலெட்சுமிக்கு அரைப்பேர் போட்டுட்டாங்க. இருபத்தாறு வருஷத்துல மொதத் தடவ. அன்னைக்கு நல்ல மழ. கொழுந்து ஈரம்னு கழிச்சாங்க, கூடைக் கனம்னு கழிச்சாங்க, கடைசியில ஒரு கிலோ கொறஞ்சிருச்சு. எல்லாருக்கும் முன்னால நின்னு நாயம் கேட்டா. கேட்டும் நடக்கல. அன்னையில இருந்து சில பேரு 'அரைப்பேரு செயா'ன்னு கேலி பண்றாங்க. அவ கடைக்கு வர்றதக்கூட விட்டுட்டா."

'உங்களுக்கு அரைப்பேரே அழகாத்தான் இருக்கு.' சொன்ன குரலோடு அந்த வார்த்தை அகிலாண்டத்தின் காதில் திரும்ப ஒலித்தது. அதன் மேல் நோட்டு வேறு நீட்டினாளே. பாவி, என்ன காரியம் செய்துவிட்டேன் என்று வெட்கத்தில் உடம்பெல்லாம் குறுகியது. கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்று இருபது. இன்னும் பத்து நிமிஷத்தில் பஸ். பஸ் பிடித்தால் ரயில், ரயில் பிடித்தால் அந்த ஜன்னல்.

"நாளைக்குக் காலையில கொழும்புக்கு வேற என்ன இருக்குங்க?"

"அஞ்சு மணிக்கு பஸ் இருக்கு. ஆட்டி எடுத்துரும், ஆனா போய்ச் சேந்துரும்."

அகிலாண்டம் தன் நடைக் கம்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள். எந்தப் பக்கம் போகிறாள் என்று பார்த்த றவூப், ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்தார்.

முழங்கால் இரண்டும் முணுமுணுத்தன. காலையில் இறங்கியபோது ஒரு பொருளைத் தேடிப் போனாள். இப்போது பொருள் கிடைக்காது என்று தெரிந்தே போனாள். அந்தப் பெண்ணின் முகத்தை அப்படியே விட்டுவிட்டு விமானம் ஏற முடியாது, அவ்வளவுதான். பாதி வழியில் மேலே முகட்டில் ரயில் கூவியது. நின்று கேட்டாள். கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்வானேன்? சத்தம் அடங்கியதும் தொடர்ந்து இறங்கினாள்.

முதலில் பார்த்தவள் சுபாஜினி. "ஆன்ட்டி வாறாங்க," என்றாள் வாசலைப் பார்த்து. ஜெயலெட்சுமி இஸ்தோப்பில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தப் படங்கு. கையில் ஊசி. தலை நிமிரவில்லை.

"ரயிலு?" என்று கேட்டாள்.

"போயிருச்சு."

அகிலாண்டம் கம்பைச் சுவரில் சாய்த்து வைத்தாள். நின்றபடியே சொன்னாள். "றவூப் சொன்னாருங்க. எங்க ஊர்ல பேருன்னா கூப்பிடுறதுக்கு மட்டும்தான். எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி பேசிட்டேன். மன்னிச்சுக்குங்க."

ஜெயலெட்சுமி இரண்டு குத்துக் குத்தி நூலை இழுத்தாள். "நீங்க தெரியாமத்தான் சொன்னீங்கன்னு அப்பவே தெரியுங்க. தெரிஞ்சும் தாங்கல. அதான் உள்ள போய்ட்டேன்."

"காசு வேற நீட்டிட்டேன்."

"ஆமாங்க. அது இன்னும் மோசம்."

ஒளிவுமறைவில்லாமல் அவள் அப்படிச் சொன்னதில் அகிலாண்டத்துக்கு உயிர் வந்தது. ஜெயலெட்சுமி முடிச்சுப் போட்டு, நூலை அறுத்து, படங்கை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். ஜெயலெட்சுமி என்று ஆறு எழுத்தும் சிவப்பாக, தலை நிமிர்ந்து நின்றன.

"முடிச்சிட்டீங்களா?"

"பாதியில விட மனசு வரல. பிரிச்சிரலாம்னு கத்திரிய எடுத்தேன். எம் பேர நானே எதுக்குப் பிரிக்கணும்னு தோணுச்சு." கொஞ்சம் நிறுத்தி, நேராகப் பார்த்துச் சொன்னாள். "ஆனா இத ஒங்களுக்குத் தர மாட்டேங்க. நாளைக்குப் பெரட்டுக்கு இதத்தான் கட்டிக்கிட்டுப் போகப் போறேன். கணக்கப்புள்ள பேர் எழுத நிமிந்தா, மொத இதப் படிக்கட்டும்."

அகிலாண்டம் ஒரு கணம் அந்தக் காட்சியை நினைத்துப் பார்த்தாள். பனி மூடிய காலை, வரிசையில் இவள், இடுப்பில் முழங்கை நீளத்துக்கு முழுப்பேர், அதைப் படித்துக்கொண்டு நிற்கும் கணக்கப்பிள்ளை. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இஸ்தோப்பின் விளிம்பில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஜெயலெட்சுமியும் சிரித்தாள். கூடத்துச் சுவரில் மாட்டியிருந்தால் அதை நாலு பேர் பார்த்திருப்பார்கள். நாளைக்கு அது போகிற இடம் அல்லவா அதற்கு இடம்.

சிரிப்புச் சத்தம் கேட்டு அடுத்த வீட்டுக்காரி மெல்ல எட்டிப் பார்த்தாள். படங்கைக் கண்டதும் ஆசை வந்துவிட்டது. "எனக்கும் இப்படிப் பேர் போட்டு ஒண்ணு தச்சுக் குடேன் செயா."

"ஒனக்கு அரைப்பேர்தான் போடுவேன்," என்றாள் ஜெயலெட்சுமி.

லயமே அதிர்ந்தது. அடுத்த வீட்டுக்காரியும் சேர்ந்து சிரித்துவிட்டு, "போட்டுத் தா, எனக்கு அதுவே போதும்," என்றாள். ஒரு வாரமாக அந்த வீட்டைச் சுற்றிக்கொண்டிருந்த சொல் அதோடு தன் விஷத்தை இழந்தது.

ரொட்டி சுட்டார்கள். தேங்காய்ச் சம்பலை அம்மியில் அரைத்து வைத்தார்கள். அகிலாண்டம் மூன்று ரொட்டி தின்றாள். சுபாஜினி வேலைக்குத் திரும்ப ஆறு மணி பஸ்ஸுக்கு மேலே போக வேண்டும், அவளோடு சேர்ந்தே ஏறிவிடலாம் என்று பேசி முடிவாயிற்று. வெறுங்கையோடு போகிறோமே என்று தன் மனசைத் தானே தொட்டுப் பார்த்தாள். அங்கே வலி ஒன்றும் இல்லை. வயிறும் மனசும் நிறைந்து, காலை நீட்டிச் சுவரில் சாய்ந்திருந்தாள்.

ஜெயலெட்சுமி அவள் ஷூவில் அப்பியிருந்த மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலையில எறங்குனீங்க. மத்தியானம் ஏறுனீங்க. திரும்ப எறங்குனீங்க."

"ஆமா. இனி ஏறணும்."

"அப்ப ஒரு நாள் வேல முழுசா செஞ்சிருக்கீங்களே. ஒங்களுக்குப் பேர் போட வேணாமா?"

எழுந்து உள்ளே போனாள். படங்குக்கு வெட்டியதில் மீந்த துண்டு ஒன்றோடு வந்தாள். குடைத் துணி, சாக்கு, ஓரத்தில் சிவப்புக் கரை, ஒரு முழ நீளம். "எம் பேரு எங்கிட்ட இருக்கட்டும். ஒங்க பேர் என்னாங்கக்கா?"

அப்போதுதான் அகிலாண்டத்துக்கு உறைத்தது. நாடு நாடாகப் போய் எல்லாரிடமும் பேர் கேட்டு வாங்கியவள், காலையிலிருந்து இந்த வீட்டில் தன் பேரைச் சொல்லவே இல்லை.

"அகிலாண்டம்."

ஜெயலெட்சுமி விரல்விட்டு எண்ணினாள். "ஆறு எழுத்து. எனக்கும் ஆறுதான். கொம்பு இருக்கா?"

"கொம்பு இல்லைங்க. கால்தான் இருக்கு."

"அது தெரியுது," என்று சிரித்துக்கொண்டே ஊசியை எடுத்தாள்.

'அ' வளைந்து வளைந்து வந்தது. 'கி' வந்தது. 'லா' முடிந்தபோது மணி நாலரை. பள்ளத்திலிருந்து கிளம்பிய பனி தேயிலையை வரிசை வரிசையாக மூடிக்கொண்டு வந்தது. சுபாஜினி உடுப்பு மாற்றி, தலை வாரி, பையோடு வாசலில் வந்து நின்றாள். ஜெயலெட்சுமி நூலை இழுத்துப் பிடித்தபடி நிமிர்ந்தாள். முகத்தில் சிரிப்பு வராமல் அடக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏறுறதுக்கு நேரமாச்சேக்கா. மூணு எழுத்து ஆச்சு. இதோட முடிச்சிரட்டா?"

அகிலாண்டம் சுபாஜினியை முன்னால் போகச் சொல்லிக் கைகாட்டிவிட்டு, ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"முழுசாப் போடுங்க. நான் முழு நாள் வேலை செஞ்சவ."

ஜெயலெட்சுமி அடுத்த எழுத்துக்குப் புது நூல் கோத்தாள்.